மாமி வீட்டு விலாசம்

மகள்,

உன்னை ஊரில்லாதவள் ஆக்கியவர்கள் இந்த ஊரில் ஒரு நாள்கூடப் படுத்தெழும்பியது கிடையாது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நீ போனில் அழுதுகொண்டு, “என்ர பிழைதான் அம்மா, நேரத்துக்குப் பேரை மாத்தியிருக்கோணும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் பதில் சொல்லத் தொடங்க நீ இன்னும் அழுதாய். நான் ஏசத் தொடங்கினேன். கடைசியில் இரண்டு பேரும் போனை வைத்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குள் நீ குறுக்கே பேச முடியாது.

இதை நான் ஒட்டி அனுப்பவில்லை. கருவாட்டுப் பொதியோடு சேர்த்து வவுனியா பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிடப்போகிறேன். அவர் வாசித்தாலும் வாசிக்கட்டும். நீ போய் முடங்கிக் கிடக்கிற வீட்டில் மாமியும் மாமாவும் வாசிக்கட்டும். முல்லைத்தீவுக் கரையில் உன்னைப்போலப் பரீட்சையில் சித்தியடைந்து, ஆவணம் பார்க்கிற மேசையில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும். வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வருகிற பழக்கத்தை இந்தக் கரையில் யாராவது ஒருவர் நிறுத்தத்தான் வேண்டும்.

அவர்களுக்காக நடந்ததை ஒரு தரம் சொல்கிறேன். நீ கிராம அலுவலர் பதவிக்கான போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்தாய். அதற்குப் பிறகு நேர்முகத்துக்கு மூலப் பத்திரங்களோடு வரச் சொன்னார்கள். பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை, பெறுபேறுகள் எல்லாம் சரி. வதிவிடம் மட்டும் சரியில்லை. விண்ணப்பிக்கிற பிரதேசத்திலேயே தொடர்ந்து குடியிருந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு அவர்கள் பார்ப்பது வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பு. நேர்முக மேசையின் நடுவில் இருந்தவர் இடாப்பைப் புரட்டிவிட்டு, “நீர் எந்த ஊர்?” என்று கேட்டாராம்.

“இந்த ஊர்தான் சேர்.”

“இடாப்பில வவுனியா எண்டெல்லோ கிடக்கு.”

“அது படிக்கிற நேரம் குடுத்த மாமி வீட்டு விலாசம் சேர். ஏஎல் முடிய வந்திட்டன். இப்ப இஞ்சதான் இருக்கிறன்.”

“இருக்கிறது வேற, பதிஞ்சிருக்கிறது வேற. நீர் வவுனியாவிலயெல்லோ விண்ணப்பிச்சிருக்கோணும்.”

நீ வவுனியாவுக்கு ஓடினாய். மாமி வீட்டுப் பகுதி கிராம அலுவலர் நேர்மையான மனிதர். “தங்கச்சி இப்ப இஞ்ச இல்லையெண்டு எனக்குத் தெரியும். இல்லாத ஆளை இருக்கெண்டு நான் எப்பிடி எழுதித் தாறது?” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். இங்கே பெயர் இல்லை, அங்கே ஆள் இல்லை. பிறகு நம் பிரதேச செயலகக் கந்தோரில் ஓர் உத்தியோகத்தர் உன்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “சொந்தக் காரணத்தால விலகிறன் எண்டு திங்கட்கிழமைக்குள்ள ஒரு கடிதம் தந்திட்டுப் போம் பிள்ளை. பிழையான தகவல் தந்தவ எண்டு பைலில விழுந்தா இனி ஒரு சோதினையும் எழுதேலாமல் போகும்” என்று இரக்கத்தோடு சொல்லியிருக்கிறா. நீ அந்தக் கடிதத்தை எழுதியும் வைத்துவிட்டாய் என்று மாமி சொன்னா.

அதில் கையெழுத்து வைக்காதே. அந்த உத்தியோகத்தர் கெட்டவ இல்லை. உனக்கு உதவிதான் செய்ய நினைத்தா. ஆனால் எங்களுக்கு வருகிற உதவி எப்போதும் இந்த வகையாகத்தான் இருக்கும்: வெளியே போகிற கதவை மரியாதையாகத் திறந்து பிடிப்பார்கள். நீ விலகினால் பைல் மூடப்படும். நீ பொய் சொன்னாய் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, நீயே ஒப்புக்கொண்டதாகிவிடும். உனக்குப் பிறகு வருகிற பிள்ளைக்கும் அதே வராந்தாவில் அதே இரக்கம் கிடைக்கும்.

விலாசம் மாறின கதையையும் நீ பாதிதான் அறிவாய். ஓஎல் சாதாரணதரப் பெறுபேறு வந்த கிழமை நானும் அப்பாவும் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஏஎல் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க ஆள் இல்லை. ஒரு ஆசிரியர் நியமனம் எடுத்து வருவார், கால் வைத்த சூடு ஆறுவதற்குள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவார். அதிபர் மேசையைப் பார்த்துக்கொண்டு, “ஒளிக்காமல் சொல்லுறன் அக்கா, பிள்ளையை இஞ்ச வச்சிருந்து பாழாக்காதேங்கோ. வவுனியாவில ஆரும் சொந்தம் இருந்தா கொண்டுபோய் விடுங்கோ” என்றார். வவுனியாப் பள்ளிக்கூடம் அந்த ஊர் விலாசம் கேட்டது. மாமியிடம் கேட்க எனக்குக் கூச்சம். அவ போனிலேயே சிரித்தா. “கிட்னி கேட்டாலெல்லோ யோசிக்கோணும், விலாசம் தானே மச்சாள்” என்றா. அப்படித்தான் நீ மாமி வீட்டுப் பிள்ளையாகப் பதியப்பட்டாய். பதினெட்டு வயது வந்தபோது அந்த வீட்டு வாக்காளர் படிவத்தில் உன் பெயரையும் சேர்த்து எழுதினார்கள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கரையில் வாடிக் கொட்டிலில் இருந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தவர், “பிள்ளையின்ர பேரை ஊரில இருந்து எடுக்கிறதோ?” என்றார்.

“பேர் போனா என்ன, பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டை வருந்தானே?” என்றேன்.

“வலை ஒரு இடத்தில, மிதவை இன்னொரு இடத்தில கிடந்தா, வலை ஆரின்ர எண்டு சண்டை வரும்.”

“உங்கட வலையைப் போல என்ர பிள்ளையும் கரையில கிழிஞ்சு கிடக்கட்டோ?” என்றேன். திங்கட்கிழமைகளில் உன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸடிக்கு வந்ததும் அவர்தான். அப்பா சொன்னது நடந்துவிட்டது. ஆனாலும் நான் செய்தது பிழை என்று எழுதித் தரமாட்டேன். புளியங்குளம் வரைக்கும் குலுங்குகிற பஸ்ஸில் நீ புத்தகம் விரித்துப் படித்தாய். உன்னைக் ‘கருவாடு’ என்று கூப்பிட்ட பிள்ளைகளுக்கே பிறகு கணக்குச் சொல்லிக்கொடுத்தாய். இன்றைக்குக் கேட்டாலும் அதே விலாசத்தை அதே மாமியிடம் வாங்கி அதையே செய்வேன்.

விலாசம் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் வன்னிச் சனத்திடம் இல்லை. அது எங்களுக்கு எப்படி வந்தது என்பதை அந்த மேசையில் இருந்தவர்கள் யோசிக்க வேண்டும். யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரண அட்டை எடுக்கவும் ஒரு விலாசம் வேண்டும். முகாமை விட்டு வெளியே வரவும், ‘இன்னார் வீட்டில் இருக்கப்போகிறோம்’ என்று ஒரு விலாசம் காட்ட வேண்டும். எங்களுக்கு அந்த விலாசத்தைத் தந்த வவுனியா மனிசியை நான் அதற்கு முன் ஒரு தரம்தான் கண்டிருந்தேன், அதுவும் ஆஸ்பத்திரி வரிசையில். “என்ர வீட்டு நம்பரை எழுதுங்கோ, ஆர் வந்து கேக்கிறது” என்றா. அந்த விலாசத்தில் நாங்கள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அரசாங்கமே அதை வாங்கிப் பதிந்து, எங்களை வெளியே விட்டது. அன்றைக்கு ஒருவரும் ‘இருக்கிறது வேற, பதிஞ்சிருக்கிறது வேற’ என்று சொல்லவில்லை.

கடதாசி விசயத்தில் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது என்று நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். யுத்தத்தின் கடைசியில் களப்பைக் கடந்து நெஞ்சளவு தண்ணீரில் வந்தபோது அப்பா உன்னைத் தோளில் வைத்திருந்தார், நான் கடதாசிப் பையைத் தலையில் வைத்திருந்தேன். சட்டியும் பாயும் போனது, பை போகவில்லை. மீளக் குடியேறிய பிறகு பட்டணத்தில் லமினேற் கடை ஒன்று திறந்தார்கள். கோயில் திருநாளுக்கு நிற்கிற மாதிரிச் சனம் நின்றது. நானும் நின்று உன் பிறப்பு அத்தாட்சி, எங்கள் கலியாணப் பத்திரம், உன் ஞானஸ்நானப் பத்திரம், என் ஓஎல் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டேன். இனித் தண்ணீர் வந்தாலும் கவலையில்லை என்று பெருமையாக வந்தேன். பிறகு நான் முன்பள்ளி வேலை ஒன்றுக்குப் போனபோது அங்கே இருந்தவர், “உதுகளுக்கு ஏன் உறை போட்டனியள்? முத்திரை உண்மையோ எண்டு தடவிப் பாக்கேலாது, பின்பக்கம் பாக்கேலாது” என்று திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து கத்தி முனையால் உரித்தேன். சான்றிதழின் அரைவாசி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. புதிய பிரதி எடுப்பதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. நானும் அன்றைக்கு உன்னைப்போல, என்ர பிழைதான் என்று சொல்லிக்கொண்டு மீன் காயவைக்கப் போனேன். எதைக் காப்பாற்ற அந்த உறையைப் போட்டோம் என்று அந்த மனிதரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீ கேள்.

நீ ஏஎல் முடித்து வந்த பிறகும் பெயர் ஏன் வரவில்லை? இதுதான் உன்னைத் தின்கிற கேள்வி. பதில் உன்னிடம் இல்லை, நாங்கள் விதானையார் என்று கூப்பிடுகிற நம் கிராம அலுவலரிடம் இருக்கிறது. வருடா வருடம் வீடு வீடாக வந்து, யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று பார்த்து எழுத வேண்டியது அவருடைய வேலை. அவர் வவுனியாவில் குடியிருக்கிறார். கிழமையில் இரண்டு நாள் பத்து மணி பஸ்ஸில் வந்து, கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, மத்தியானப் பஸ்ஸில் போய்விடுவார். கரையில் பெண்கள் அவருக்கு வைத்த பெயரே ‘பத்து மணி பஸ்’. வாக்காளர் படிவக் கட்டைச் சங்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஆரோ ஒருவர் போன வருடத்துப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். நான் உன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, “வவுனியாவில பேரை வெட்டினாத்தான் இஞ்ச போடலாம் அக்கா, அடுத்த முறை பாப்பம்” என்றார். அடுத்த முறையும் அடுத்த முறை என்றார். இது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அப்போது அவருடைய மேசைக்கு முன்னால் நின்ற வரிசைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

நேற்று பொதுமக்கள் சந்திப்பு நாள். நான் கந்தோருக்குப் போனேன். என்னோடு மீன் தெரிவு செய்கிற ரீட்டாக்காவும் வந்தா. பக்கத்து வீட்டுக் கைம்பெண், அவவுடைய உதவிப்பணப் படிவம் எல்லாம் நீ நிரப்பியதுதான். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த நீள வாங்கிலில் இருந்தோம். என் முறை வந்தபோது நிர்வாக உத்தியோகத்தர், “என்ன அலுவல் அம்மா?” என்றார்.

“என்ர பிள்ளையின்ர வதிவிட அலுவல் சேர்.”

பெயரைக் கேட்டுப் பைலைப் பார்த்தார். “இது முடிஞ்ச விசயம். அவ விலகிற கடிதம் தாறா எண்டு சொன்னவை.”

“தரமாட்டா.”

உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அவர் நம் விதானையாரைக் கூப்பிட்டார். சந்திப்பு நாள் என்பதால் எல்லா விதானைமாரும் அங்கேதான் நின்றார்கள். “இவவின்ர மகள் உங்கட பகுதியிலயோ இருக்கிறா?”

“ஓம் சேர், இருக்கிறா. ஆனா இடாப்பில இல்லை.”

“ஏன் இல்லை?”

விதானையார் என்னைப் பார்த்தார். பின்னால் வாங்கிலில் இருந்து ரீட்டாக்கா, “என்ர வீட்டு நம்பரில விதானை ஐயாவின்ர பேர் இருக்கு சேர், ஐயாதான் இல்லை” என்றா.

அது பொய் இல்லை. கிராம அலுவலரும் தன் பிரதேசத்தில் குடியிருக்க வேண்டும் என்று காட்ட வேண்டுமாம். அதற்காக ஒரு நாள் விதானையார் ரீட்டாக்காவிடம் விலாசம் கேட்டார், அவவும் நம் சனத்தின் வழக்கப்படி கொடுத்துவிட்டா. உன் பெயரைத் தேடி இடாப்பைப் பார்த்தபோது நாங்கள் கண்டது அவருடைய பெயரைத்தான்.

“சும்மா இருங்கோணை ரீட்டாக்கா,” என்றார் விதானையார்.

“இவ்வளவு காலமும் சும்மாதானே ஐயா இருந்தனான். விலாசத்துக்குப் பின்னால ஆளும் வரப்போறார் எண்டு பயந்து, புதுப் பாய் ஒண்டும் வாங்கி வச்சனான்.” வாங்கில் முழுக்கச் சிரித்தது.

“அது வேற விசயம். அதை இஞ்ச கதைக்காதேங்கோ,” என்றார் நிர்வாக உத்தியோகத்தர்.

“வேற விசயம் இல்லை சேர்,” என்றேன். “இவரின்ர கடதாசி இஞ்ச, ஆள் வவுனியாவில. என்ர பிள்ளையின்ர ஆள் இஞ்ச, கடதாசி வவுனியாவில. இவரை இந்த ஊர் எண்டு கதிரையில இருத்தியிருக்கிறியள். அவவை இந்த ஊர் இல்லையெண்டு கலைக்கிறியள்.”

விதானையாருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என்னிடம்தான் திரும்பினார். “நான் ஏன் அங்க இருக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியாதே அக்கா? என்ர ரெண்டும் படிக்குதுகள். இஞ்ச கொண்டுவந்து எந்தப் பள்ளிக்கூடத்தில விட?”

அவர் சொன்னது நான் உன்னை வவுனியாவில் விட்ட அதே காரணம். அந்த நேரம் அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுக்க இறங்கவில்லை. அவரும் இரவல் விலாசம்தான் வைத்திருக்கிறார், நீயும் அதுதான். அவருடையதைக் கந்தோர் பார்த்தும் பார்க்காமல் விடும், உன்னுடையதைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பாதவர்கள் ஊரைக் காலியாக்குகிறார்கள், பிறகு ஊரில் ஏன் இல்லை என்று எங்களிடமே கேட்கிறார்கள். இதில் விதானையார் என் எதிரி இல்லை. ஆனால் அவர் வாயைத் திறந்து உண்மையை எழுதும்வரை என் ஆளும் இல்லை.

ஒன்று சொல்கிறேன், இதை நீ சிரிப்பாக எடுக்காதே. நீ அந்தக் கதிரையில் இருப்பாய். இந்த வருடமோ அடுத்த வருடமோ, இருப்பாய். நேர்மையாகப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த பிள்ளையை நிரந்தரமாக வெளியே நிறுத்தி வைக்கிற அளவுக்கு இவர்களுக்குத் துணிவு இல்லை. நீ விலகினால்தான் அவர்களுக்கு வசதி. அந்தக் கதிரையில் இருக்கும்போது படிவக் கட்டைச் சங்கத்தில் வைத்துவிட்டு வராதே. குசினி வாசலில் போய் நின்று கேட்டு எழுது. மழைக்குள் போ. நாய் கடித்தாலும் போ. உன்னிடம் ஒரு பிள்ளை வந்து, படிக்கப் போனதால் பெயர் மாறிவிட்டது என்று சொன்னால், இடாப்பைப் பார்க்க முதல் அவளுடைய வீட்டைப் போய்ப் பார். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று நீயும் தவித்தால், அன்றைக்கு இந்த மனிதருடைய முகத்தை நினைத்துப் பார். தவிப்பதில் வெட்கம் இல்லை. அதே தவிப்போடு உன் மேசைக்கு வருகிறவளைக் கலைத்தால்தான் வெட்கம்.

நிர்வாக உத்தியோகத்தர் கடைசியில், “சரி, திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. விதானையார் ஒரு கடிதம் தந்தா மேல அனுப்பிப் பாப்பம்” என்றார். விதானையார் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ இங்கே இருக்கிறாய் என்று எழுதினால், இடாப்பில் ஏன் இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவரை மட்டும் நம்பி வராதே. முதல் பஸ்ஸில் வா. ஏஎல் முடித்த பிறகு நம் ஊர் ஆஸ்பத்திரியில் உனக்குத் தந்த கிளினிக் கொப்பியைக் கொண்டு வா. சங்கக் கூட்டக் குறிப்பெல்லாம் உன் கையெழுத்து, தலைவர் அந்தக் குறிப்புக் கொப்பியோடு வருகிறார். நீ இங்கேதான் இருக்கிறாய் என்று பங்குத் தந்தையிடம் நான் கடிதம் வாங்கிவிட்டேன். விலகிற கடிதத்தைக் கிழித்து மாமியின் அடுப்பில் போட்டுவிட்டு வா. போட்டாயா என்று நான் மாமியிடம் கேட்பேன்.

நேற்று கதிரையை விட்டு எழும்ப முதல் நான் நிர்வாக உத்தியோகத்தரிடம் ஒன்று கேட்டேன். “திங்கட்கிழமை வாறம் சேர். அதுக்கு முதல் ஒண்டு எழுதித் தாங்கோ. என்ர பிள்ளை இந்த ஊரும் இல்லை, வவுனியாவும் இல்லையெண்டால், அவ எந்த ஊர் எண்டு உங்கட கையால எழுதி, முத்திரை குத்தித் தாங்கோ.”

அவர் பைலை மூடி மற்றப் பைல்களுக்கு மேலே வைத்தார். மணியை அடித்து அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார். அடுத்த இலக்கம் ரீட்டாக்காவுடையது. அவ வாங்கிலை விட்டு எழும்பவில்லை. விதானையார் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எழுதித் தாங்கோ சேர்,” என்றேன்.